மருந்துக்கு முன் மாதிரி: ஐ.சி.யூ. வாசலில் நிற்கும்போது நாம் தெரிந்திருக்க வேண்டியது

(நாகமலை புதுக்கோட்டையில் நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், கிருமி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பகுதிச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரை. அவருடைய விருப்பப்படி பெயர் வெளியிடப்படவில்லை.)





சுகர், பிரஷர் பற்றியெல்லாம் முந்தைய கூட்டங்களில் டாக்டர்கள் பேசிவிட்டார்கள். நீங்கள் லேபில் இருந்தவர், உங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பேசுங்கள் என்று நிர்வாகிகள் கேட்டார்கள். நான் டாக்டர் இல்லை. லேப் டெக்னீசியன். சளி, சிறுநீர், ரத்தம், சீழ் இவற்றில் கிருமி வளர்கிறதா, வளர்ந்தால் அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலையாக இருந்தது. 30 வருடம் அதைத்தான் செய்தேன். நோயாளியின் முகத்தை நான் பார்த்தது குறைவு. ஒரு சின்ன பாட்டில், அதன்மேல் ஒட்டிய பெயர், வயது, படுக்கை எண், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த நோயாளி.

ஆனால் ஒரு தடவை நானும் ஐ.சி.யூ. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு விஷயத்துக்கு வருகிறேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு என் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து நினைவு தப்பியது. அப்போது அவருக்கு 71 வயது. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மூச்சு சரியாக இல்லை என்று வெண்டிலேட்டர் வைத்தார்கள். நான்கு நாள் ஒரே நிலையில் இருந்தார். ஐந்தாம் நாள் காய்ச்சல் வந்தது. ட்யூபில் வரும் சளி மஞ்சளானது. ஆக்ஸிஜன் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. டாக்டர் வெளியே வந்து எங்களிடம் சொன்னார்:

"நெஞ்சுல புதுசா கிருமி பிடிச்ச மாதிரி தெரியுது. ட்யூப் வழியா கீழ இருந்து சளி எடுத்து கல்ச்சருக்கு அனுப்பணும். தேவைப்பட்டா கேமரா விட்டும் எடுக்க வேண்டியிருக்கும். அதுக்கு உங்க சம்மதம் வேணும்."

என் அண்ணன் உடனே சொன்னார்: "வேணாம் சார். ஏற்கனவே உடம்பு பூரா குழாயா இருக்கு. இன்னும் குழாய விட்டு நோண்டாதீங்க. நல்ல பவரான மருந்தாப் போடுங்க. காசப் பத்தி நீங்க யோசிக்காதீங்க."

அம்மா அழுதுகொண்டிருந்தார்கள். மாமா தலையாட்டினார். எனக்கு விவரம் தெரியும். என் தொழிலே அதுதான். இருந்தும் மூத்தவர் பேசும்போது குறுக்கே பேச வாய் வரவில்லை. நான் பேசாமல் நின்றேன்.

அன்றிரவே இரண்டு பெரிய மருந்துகளை ஏற்றினார்கள். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை. அப்புறம்தான் நாங்கள் சம்மதித்தோம். சளி எடுத்தார்கள். 'கிருமி வளரவில்லை' என்று ரிப்போர்ட் வந்தது. அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நெஞ்சில் கிருமியே இல்லையா? அல்லது மூன்று நாள் ஏறிய மருந்தால் தட்டில் வளர முடியாமல் போன கிருமியா? டாக்டர் மருந்தை நிறுத்தவும் துணியவில்லை, அதே மருந்தை நம்பவும் முடியவில்லை. இதற்கிடையில் சிறுநீரகமும் தளர்ந்துவிட்டது. பதின்மூன்றாம் நாள் அத்தா மவுத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

முன்னாலேயே சளி எடுத்திருந்தால் அத்தா பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு விதிக்கப்பட்ட நாள் அது. ஆனால் டாக்டர் கேட்ட வெளிச்சத்தைக் கொடுக்காமல், இருட்டில் வைத்தியம் பாருங்கள் என்று சொன்னது நாங்கள்தான். அந்தப் பங்கு எங்களுடையது. அதனால்தான் இன்று இந்த மைக்கின் முன்னால் நிற்கிறேன்.

குழாய் உயிரையும் காக்கிறது, கிருமிக்கு வழியும் விடுகிறது

வெண்டிலேட்டர் என்றாலே கடைசிக் கட்டம் என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியல்ல. 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்து பலர் இறந்துகொண்டிருந்தார்கள. ப்யோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், நோயாளியின் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயில் ட்யூப் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தச் சொன்னார். மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு இரவு பகலாகப் பையை அழுத்தினார்கள். பிழைக்க மாட்டார்கள் என்று நினைத்த பலர் பிழைத்தார்கள். இன்றைய ஐ.சி.யூ. அங்கிருந்து வளர்ந்ததுதான். கொரோனா காலத்தில் நம் பெரியாஸ்பத்திரியிலும் தோப்பூரிலும் ஆக்ஸிஜனும் வெண்டிலேட்டரும் எத்தனை உயிருக்குத் துணை நின்றன என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

ஆனால் அந்த ட்யூப் இரண்டு காரியங்களைக் கெடுக்கிறது. ஒன்று, இருமல். நம் நெஞ்சைச் சுத்தமாக வைத்திருப்பது இருமல்தான். ட்யூபும் மயக்க மருந்தும் சேர்ந்தால் இருமி வெளியேற்ற முடியாது. இரண்டு, எச்சில். ட்யூபைச் சுற்றி ஒரு சின்ன பலூன் ஊதி வைத்திருப்பார்கள். வாயின் எச்சில் அந்தப் பலூனுக்கு மேலே தேங்கி நிற்கும். அதில் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் கீழே கசியும். வாயில் இருக்கிற கிருமி நுரையீரலுக்குப் போக இதுவே போதும். ட்யூபின் உட்பக்கத்திலும் கிருமிகள் பாசி பிடித்த மாதிரி படலமாக ஒட்டிக்கொள்ளும்.

வெண்டிலேட்டர் வைத்து இரண்டு நாள், அதாவது 48 மணி நேரம் தாண்டிய பிறகு புதிதாக வரும் நிமோனியாவை டாக்டர்கள் தனியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். இது அரிதான விஷயமில்லை. புதுச்சேரி ஜிப்மரில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வெண்டிலேட்டரில் இருந்த 200 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 36 பேருக்கு இந்த நிமோனியா வந்தது. ஏறத்தாழ ஐந்தரை பேருக்கு ஒருவர். நல்ல ஆஸ்பத்திரி, நல்ல டாக்டர் என்றாலும் இது வரலாம். வந்தவுடன் யாரோ கவனக்குறைவாக இருந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

காய்ச்சல், மஞ்சள் சளி, எக்ஸ்ரேயில் வெள்ளை நிழல் மூன்றும் இருந்தாலே நிமோனியா என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். சளி அடைத்து நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கினாலும் தெரியும். காய்ச்சலுக்கும் வேறு காரணம் இருக்கலாம். அதனால்தான் டாக்டர் கீழிருந்து சளி எடுக்க வேண்டும் என்கிறார்.

எப்படி எடுக்கிறார்கள்?

மூன்று விதம் உண்டு.

முதலாவது எளிமையானது. ட்யூபில் சேரும் சளியை நர்ஸ் ஒரு மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளில் பல தடவை செய்வார்கள். அந்த உறிஞ்சும் குழாய்க்கு நடுவில் கிருமி நீக்கப்பட்ட ஒரு சின்ன பாட்டிலை இணைத்தால் சளி அதில் விழும். அதற்குமுன் கொஞ்ச நேரம் ஆக்ஸிஜனைக் கூட்டி வைப்பார்கள். உறிஞ்சுவது சில விநாடிகள்தான். புதிதாக அறுப்பதோ குத்துவதோ எதுவும் இல்லை. அன்றாடம் செய்கிற வேலையோடு ஒரு பாட்டில் மட்டும் சேர்கிறது.

இரண்டாவது, ஒரு நீண்ட மெல்லிய குழாயை ட்யூப் வழியாகத் தடுக்கிற இடம் வரை இறக்கி, கொஞ்சம் உப்பு நீரைச் செலுத்தி, உடனே திரும்ப உறிஞ்சுவது. கேமரா இல்லாமல் செய்வது இது.

மூன்றாவது, கேமரா உள்ள பிராங்கோஸ்கோப். எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிற பகுதிக்கே போய், அங்கே உப்பு நீர் விட்டு அலசி எடுப்பார்கள். சரியான இடத்திலிருந்து கிடைக்கும் மாதிரி என்பது இதன் பலம். செய்யும்போது சிறிது நேரம் ஆக்ஸிஜன் அளவு இறங்கலாம். ரத்தத்தில் தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்கு ரத்தக் கசிவு வரலாம். அதனால் எல்லோருக்கும் செய்வதில்லை. யாருக்குச் செய்யலாம் என்பதை டாக்டர் பார்த்துத்தான் சொல்வார். கையெழுத்துக் கேட்பதும் இதற்குத்தான். என் அண்ணன் பயந்ததும் இதற்குத்தான். ஆனால் அந்தப் பயத்தில் முதலாவதையும் சேர்த்து வேண்டாம் என்றுவிட்டோம்.

பாட்டில் லேபுக்கு வந்த பிறகு

இனி நான் வேலை பார்த்த இடத்துக்கு வாருங்கள்.

சளி வந்ததும் முதலில் ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். இந்தச் சாயத்துக்குக் கிராம் ஸ்டெயின் என்று பெயர். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் டாக்டர் 1884-ல் பெர்லினில் இதைக் கண்டுபிடித்தார். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமியைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வழி தேடியபோது கிடைத்த சாயம் இது. 140 வருடங்கள் தாண்டியும் நாங்கள் காலையில் முதலில் கை வைப்பது அதில்தான். மாதிரி கையில் வந்தால் அன்றைக்கே இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அதில் கன்னத்தின் உட்புறத் தோலிலிருந்து உதிரும் தட்டையான செல்கள் நிறைய தெரிந்தால், வந்திருப்பது வெறும் எச்சில். அந்த மாதிரியைத் திருப்பி அனுப்பி வேறு கேட்போம். கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கக் கொண்டுவாருங்கள் என்றால், மேலே மிதக்கிற பாசியை அள்ளிக்கொண்டு வந்து 'கிணறு கெட்டுப்போச்சா பாருங்க' என்று கேட்பது போன்றது அது. வெள்ளையணுக்கள் நிறைய இருந்து கிருமியும் தெரிந்தால் அது நெஞ்சிலிருந்து வந்த நல்ல மாதிரி.

பிறகு சத்துள்ள தட்டுகளில் சளியைத் தீட்டி, உடம்புச் சூடான 37 டிகிரியில் ஓர் இரவு வைப்போம். மறுநாள் புள்ளி புள்ளியாகக் கிருமிக் கூட்டங்கள் முளைத்திருக்கும். அது எந்தக் கிருமி என்று கண்டுபிடித்து, எந்த மருந்துக்குச் சாகும், எதற்கு அடங்காது என்று பார்க்க இன்னொரு நாள் ஆகும். மொத்தம் இரண்டிலிருந்து மூன்று நாள். இது லேபின் சோம்பேறித்தனமில்லை. கிருமி வளர்வதற்கு அந்த நேரம் வேண்டும்.

சில சிறிய மருத்துவமனைகளில் உள்ளேயே லேப் இருக்காது. பாட்டிலை நம் கையில் கொடுத்து வெளி லேபுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். அப்படிக் கொடுத்தால் நேராகப் போங்கள். வழியில் டீக்கடை வேண்டாம், வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். காளவாசல் நெரிசலை நினைத்து முன்கூட்டியே கிளம்புங்கள். தாமதமானால் சாதாரணக் கிருமி பெருகும், நோய்க் கிருமி சாகும். பாட்டிலில் பெயர் சரியாக இருக்கிறதா, எடுத்த நேரம் எழுதியிருக்கிறதா, என்ன மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று சீட்டில் குறித்திருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். காசநோய் சந்தேகம் இருந்தால் அதே சளியிலேயே அதற்கும் சோதிக்கலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

கிருமி இருந்தாலே நோயா?

இதுதான் பலருக்கும் குழப்பம் தருகிற இடம். 'ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது என்று போட்டிருக்கிறது, ஆனால் டாக்டர் மருந்து வேண்டாம் என்கிறார்' என்று என்னிடம் எத்தனையோ பேர் வந்து கேட்டிருக்கிறார்கள்.

சில நாள் ட்யூப் இருந்தாலே அதில் கிருமி குடியேறிவிடும். வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவன் எல்லாம் திருடன் இல்லை. அதனால் கிருமி இருக்கிறதா என்பதோடு எவ்வளவு இருக்கிறது என்றும் பார்ப்போம். எங்களிடம் ஒரு கம்பி வளையம் இருக்கும். ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கைத்தான் அது எடுக்கும். அதைத் தீட்டிய தட்டில் 100 புள்ளிகள் முளைத்தால், ஒரு மில்லி சளியில் 1,00,000 கிருமி என்று கணக்கு. ட்யூப் வழியாக உறிஞ்சிய சளியில் ஒரு மில்லிக்கு ஒரு லட்சம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். கேமரா வழியாக அலசி எடுத்த நீரில் 10,000 இருந்தாலே போதும். அதில் நாம் விட்ட உப்பு நீர் கலந்து நீர்த்துப்போயிருப்பதால் எல்லையும் குறைவு. எண்ணிக்கை போடாமல் 'குறைவு, மிதம், அதிகம்' என்று எழுதும் லேபுகளும் உண்டு. எப்படி எழுதினாலும் அந்தத் தாளை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. நோயாளியையும் எக்ஸ்ரேயையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். தாளை வாங்கிக்கொண்டு செல்போனில் தேடி நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது.

'கிருமி வளரவில்லை' என்ற ரிப்போர்ட்டும் வீண்செலவு இல்லை. நல்ல மாதிரியாக இருந்து, முந்தைய மூன்று நாட்களில் கிருமி மருந்து புதிதாகத் தொடங்கவோ மாற்றவோ செய்யாமல் இருந்திருந்தால், அந்த ஒரு வரியை நம்பி டாக்டர் தேவையில்லாத மருந்தை நிறுத்தலாம், காய்ச்சலுக்கு வேறு காரணம் தேடலாம். மருந்து ஏறிய பிறகு எடுத்தால் அதே வரி எதுவும் சொல்லாத வரியாகிவிடும். எங்கள் அத்தா விஷயத்தில் நடந்தது அதுதான்.

அதற்காக, ரிப்போர்ட் வரும்வரை மருந்தே போடாமல் இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலைமை மோசமாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. முதலில் மாதிரி, உடனே மருந்து, ரிப்போர்ட் வந்ததும் மருந்தைத் திருத்துவது. வரிசை இதுதான்.

கேமரா டெஸ்ட் எடுக்க வசதியில்லாமல் போனவர்களுக்கு

இங்கே வந்திருப்பவர்களில் யாராவது ஒருவர், 'கேமரா விட்டு எடுக்கச் சொன்னார்கள், எங்களிடம் பணமில்லை, அதனால்தான் போய்ச் சேர்ந்துவிட்டார்' என்ற பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கலாம். அவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை உலகத்தில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரான்சில் 31 ஐ.சி.யூ.க்களில் 413 பேரிடம் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், கேமரா வழியாக எடுத்து எண்ணிப் பார்த்து வைத்தியம் செய்தவர்களில் 14 நாளுக்குள் இறந்தவர்கள் குறைவாக இருந்தார்கள். நூற்றுக்கு சுமார் 16 பேர். அப்படிச் செய்யாத பிரிவில் சுமார் 26 பேர். ஆனால் கனடாவிலும் அமெரிக்காவிலும் 28 ஐ.சி.யூ.க்களில் 740 பேரிடம் நடந்து 2006-ல் வெளியான இன்னும் பெரிய ஆய்வில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசமே இல்லை. கேமராப் பிரிவில் 28 நாளில் நூற்றுக்கு 18.9 பேர் இறந்தார்கள், சாதாரணமாக உறிஞ்சி எடுத்த பிரிவில் 18.4 பேர். அடங்காத சில கிருமிகள் ஏற்கனவே குடியேறியிருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் ஊர் ஐ.சி.யூ.க்களில் அப்படிப்பட்ட கிருமிகள் அதிகம்.

2016-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சாதாரணமாக உறிஞ்சி எடுத்தாலே போதும் என்கிறது. 2017-ல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் ஆழத்திலிருந்து எடுத்து எண்ணிப் பார்ப்பது நல்லது என்கிறது. பெரியவர்களே இரண்டு பக்கம் நிற்கிறார்கள். ஆகவே கேமரா இல்லாமல் போனதற்காக யாரும் தன்னைத்தானே குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம். எந்த வழியில் எடுத்தாலும் முதலில் எடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் இருதரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

'பவரான மருந்து' கேட்பது

என் அண்ணன் கேட்ட 'பவரான மருந்தை' நம்மில் எல்லோரும் கேட்கிறோம். பாசத்தில்தான் கேட்கிறோம். ஆனால் பெரிய மருந்து என்றால் எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று அர்த்தமில்லை.

2010-ல் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த ஒரு கட்டுரை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி அதன் முதல் ஆசிரியர். மெரோபெனம் போன்ற பெரிய மருந்துகளையே உடைத்துப்போடும் ஒரு நொதி உள்ள கிருமிகளைச் சென்னையில் 44 மாதிரிகளிலும் அரியானாவில் 26 மாதிரிகளிலும் கண்டதாக அது சொன்னது. வெண்டிலேட்டர் நோயாளிகளின் சளியில் நாங்கள் அடிக்கடி பார்க்கும் அசினெட்டோபாக்டர் என்ற கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாட்டின் பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும் அந்தக் கிருமியில் பெரும்பாலானவை இந்த மருந்துகளுக்கு அடங்குவதில்லை. அப்புறம் மிஞ்சுவது கொலிஸ்டின் மாதிரி ஓரிரு பழைய மருந்துகள். அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. எந்தக் கிருமி என்று தெரியாமல் பெரிய மருந்தாகப் போட்டால் அது பலிக்காமலும் போகலாம், பக்கவிளைவு மட்டும் மிஞ்சவும் செய்யலாம்.

2012-ல் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி இதற்கு ஒரு திட்டம் வகுத்தன. அதற்குச் சென்னைப் பிரகடனம் என்று பெயர். ஒருங்கிணைத்தவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். 2014 மார்ச் 1 முதல் முக்கியமான கிருமி மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது. மருந்து அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. இருந்தாலும் சளி, காய்ச்சல் என்றால் நாமே கடைக்குப் போய் 'போன தடவை கொடுத்ததையே மூணு நாளைக்குக் கொடுங்க' என்று கேட்கிறோம். வீட்டில் அப்படி வளர்த்த கிருமிதான் ஒருநாள் ஐ.சி.யூ.வில் நம் முன்னால் வந்து நிற்கும்.

அதிக நாள் போட்டால் நல்லது என்ற எண்ணமும் சரியல்ல. இந்த நிமோனியாவுக்கு 8 நாள் மருந்து, 15 நாள் மருந்து என்று 401 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2003-ல் பிரான்சில் வந்தது. இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது பெரும்பாலும் ஒரு வாரம் என்றுதான் சொல்கிறார்கள். சில கிருமிகளுக்குக் கூடுதல் நாள் தேவைப்படலாம். அதை டாக்டர் சொல்வார்.

வாசலில் நின்று கேட்க வேண்டியவை

டாக்டரிடம் மரியாதையாக, ஒருவர் மட்டும் கேளுங்கள். வீட்டுக்கு ஒரு ஆள் என்று முடிவு செய்துகொள்வது நல்லது. ஐந்து பேர் ஐந்து தடவை கேட்டால் யாருக்கும் பதில் கிடைக்காது.

1. மருந்து தொடங்குவதற்கு அல்லது மாற்றுவதற்கு முன் சளி மாதிரியும் ரத்த மாதிரியும் எடுத்துவிட்டீர்களா?

2. முதல்கட்ட ரிப்போர்ட் இன்று வருமா? முழு ரிப்போர்ட் எந்த நாளில் வரும்?

3. ரிப்போர்ட் வந்த பிறகு மருந்தைக் குறைக்கவோ மாற்றவோ முடியுமா? எத்தனை நாள் மருந்து?

4. தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருக்கிறீர்களா? வாய் சுத்தம் செய்கிறார்களா? ட்யூபை எடுக்க முடியுமா என்று தினமும் பார்க்கிறீர்களா?

நான்காவது கேள்வி சின்னதாகத் தெரியும். ஆனால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்துவதும், வாய் சுத்தமும், கை கழுவுவதும், மயக்க மருந்தைக் குறைத்துச் சீக்கிரம் ட்யூபை எடுப்பதும்தான் இந்த நிமோனியா வராமல் தடுக்கிற வழிகள்.

இன்னொன்று. தனியார் மருத்துவமனையில் சில நாள் பார்த்து, பணம் தீர்ந்து, கோரிப்பாளையம் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றுகிற குடும்பங்கள் நம்மில் உண்டு. மாற்றும்போது பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடிவருகிறோம். கல்ச்சர் ரிப்போர்ட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். இன்னும் வரவில்லை என்றால் லேபின் போன் எண்ணையும் மாதிரி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள் இருந்தால் புது டாக்டர் முதல் நாளிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டியதில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், எது எது அதில் சேரும் என்று காப்பீட்டு அலுவலரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

நாம் செய்யக் கூடாதவை

கொஞ்சம் சங்கடமான விஷயம்தான். இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ட்யூபோடு இருப்பவரின் வாயில் யாருக்கும் தெரியாமல் ஜம்ஜம் நீரோ தேனோ இரண்டு சொட்டு விடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மனது எனக்குப் புரியும். என் அம்மாவும் கேட்டார்கள். ஆனால் விழுங்க முடியாதவரின் வாயில் விடுகிற எதுவும் அந்தப் பலூனுக்கு மேலே தேங்கி, கசிந்து, நெஞ்சுக்குத்தான் போகும். உதட்டை நனைக்க ஆசைப்பட்டால் நர்ஸிடம் கேளுங்கள், அவர்கள் பஞ்சில் தொட்டு உதட்டில் வைக்க விடலாம். யாசீன் ஓதுவதற்கும் துஆ செய்வதற்கும் தடையில்லை. படுக்கையைத் தொடாமலும் அதைச் செய்யலாம். ஜமாஅத்தோடு பத்துப் பேராக உள்ளே போக வேண்டாம். போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். ட்யூபையும் மெஷினையும் தொடாதீர்கள்.

கடைசியாக நம் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவ உதவி கேட்டு வருகிறவர்களிடம் ஆஸ்பத்திரி பில் கேட்கிறோம். வெண்டிலேட்டர் நோயாளியாக இருந்தால், 'கல்ச்சர் எடுத்தார்களா?' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேளுங்கள். எடுக்கவில்லை என்பதற்காக உதவியை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கேள்வியே அந்தக் குடும்பத்துக்கு நினைவூட்டும். பெரிய மருந்துக்கு நாம் கொடுக்கிற தொகையோடு பார்த்தால் அந்தச் சோதனைக்கு ஆகிற செலவு சிறியது. அதற்கும் வழியில்லாதவர்களுக்கு முதலில் அதைக் கொடுங்கள்.

அத்தா மவுத்தாகி இரண்டு வருடம் கழித்து, என் அண்ணனின் மாமனாருக்கு இதே நிலை வந்தது. டாக்டர் வெளியே வந்ததும் என் அண்ணன்தான் முதலில் கேட்டார்: "சார், மருந்து மாத்துறதுக்கு முன்னாடி சளி எடுத்துட்டீங்களா?" நான் பக்கத்தில் நின்றேன். அன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவருக்கு மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. போட்டுக்கொண்டிருந்த இரண்டு மருந்தில் ஒன்றை நிறுத்தினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பதினொன்றாம் நாள் ட்யூப் எடுத்தார்கள். ரிப்போர்ட்டால்தான் பிழைத்தார் என்று சொல்ல மாட்டேன். ஷிஃபா கொடுப்பவன் அல்லாஹ். ஆனால் எங்கள் பங்கை இந்த முறை நாங்கள் சரியாகச் செய்தோம்.

நம் எவருக்கும் அந்த வாசலில் நிற்கும் நாள் வராமல் அல்லாஹ் காப்பானாக. வந்தால், இன்று கேட்ட இந்த ஒரு விஷயமாவது நினைவில் இருக்கட்டும்: மருந்துக்கு முன் மாதிரி.

வஸ்ஸலாம்.